கனமைசினில் தேறிய செடி தேமலில் தோற்றால்

"சார், பி.சி.ஆர். பாசிட்டிவ். கனமைசின் தட்டிலும் பச்சையாகத்தான் நின்றது. ஆனால் வெள்ளை ஈயை விட்டதும் தேமல் வந்துவிட்டது. எங்கே தப்பு?"

வருடத்துக்கு நாலைந்து முறையாவது இந்த போன் வரும். (கனமைசின் என்பது புது மரபணு ஏறாத செடியை வெளுக்கவைக்கும் மருந்து. பி.சி.ஆர். என்பது மரபணுத் துண்டைப் பெருக்கிக் காட்டும் சோதனை. தேமல் என்பது இலையில் திட்டுத் திட்டாக வரும் வைரஸ் நோய்.) புதுச்சேரியில் ஒரு கல்லூரியின் திசு வளர்ப்பு ஆய்வகத்தில் நீண்ட நாள் வேலை பார்த்துவிட்டு இப்போது கடலூரில் ஓய்வாக இருக்கிறேன். ஓய்வு என்று பெயர்தான். வைரஸைத் தாங்கும்படி மரபணு மாற்றிய செடி ஏன் தோற்கிறது என்று ஒவ்வொரு மாணவருக்கும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டதால், அறிகுறி வாரியாக ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உங்கள் செடியில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன்னால் அடுத்த இரண்டு பத்திகளை மட்டும் படித்துவிடுங்கள்.

வைரஸ் செடிக்குள் பெருகும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ. உண்டாகிறது. செடிக்கு அது அந்நியச் சரக்கு. டைசர் வகை நொதிகள் அதை 21 முதல் 24 மரபணு எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்குகின்றன. அந்தத் துண்டில் ஓர் இழையை ஆர்கோநாட் என்ற புரதம் கையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்துகிற ஆர்.என்.ஏ. எங்கே கிடைத்தாலும் வெட்டிப் போடுகிறது. இதுதான் மரபணு மௌனம். நாம் செய்வதெல்லாம், வைரஸ் மரபணுவின் ஒரு துண்டை முன்னும் பின்னுமாக எதிரெதிர்த் திசையில் வைத்து, அது கொண்டை ஊசி மாதிரி மடங்கி இரட்டை இழை ஆகும்படி செடிக்குள் முன்கூட்டியே எழுதிவிடுவது. வைரஸ் வருவதற்குள் துண்டுகள் தயாராக இருக்கும். ஆய்வகத்தில் எல்லோரும் ஹேர்பின் என்பார்கள். மலைப்பாதையில் பஸ் திரும்புகிற கொண்டை ஊசி வளைவை நினைத்துக்கொண்டால் போதும்.

ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் முதல் கேள்வி ஒன்றே ஒன்று: செடியில் அந்த நறுக்கிய துண்டுகள், அதாவது சிறு ஆர்.என்.ஏ., இருக்கிறதா, இல்லையா? இல்லை என்றால் கோளாறு உங்கள் கட்டுமானத்தில், அதாவது செடிக்குள் நீங்கள் எழுதிய ஹேர்பினில். இருந்தும் நோய் வருகிறது என்றால் கோளாறு வைரஸ் பக்கம், அல்லது சூழலில். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பி.சி.ஆர். படத்தோடு நின்றுவிடுவதுதான் நான் பார்த்த மாணவர்களில் முக்கால்வாசிப் பேரின் வியாதி. மரபணு உள்ளே போயிருக்கிறது என்பதை மட்டும்தான் பி.சி.ஆர். சொல்லும். அது வேலை செய்கிறதா என்று அதனிடம் கேட்டால் அதற்கு எப்படித் தெரியும்?

"செடி மஞ்சளாகிவிட்டது"

முதலில் அது வைரஸ்தானா என்று பாருங்கள். பாகூர் பக்கம் ஒரு வெண்டைத் தோட்டத்தில் மஞ்சள் நரம்புத் தேமல் என்று மாணவர் ஒருவர் பை நிறைய இலை பறித்துவந்தார். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நரம்பு பச்சை, நரம்புகளுக்கு இடையில்தான் மஞ்சள். அது இரும்புச் சத்துக் குறைபாடு. தேமலில் நேர்மாறாக நரம்பே மஞ்சளாகி வலைபோல் தெரியும். விருத்தாசலம் பக்கத்து நிலக்கடலைக்காரர்களுக்கு இந்த இரும்பு மஞ்சள் நன்றாகவே தெரியும், அவர்களை ஏமாற்ற முடியாது. நம் மாணவர்களைத்தான் ஏமாற்றிவிடுகிறது.

மிளகாயில் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்தி. இரண்டுக்கும் வைரஸ் தேவையில்லை. நெல்லிக்குப்பம் சுற்று வட்டாரத்தில் கரும்புக்கு 2,4-டி அடிக்கிற நாளில் காற்று திரும்பினால், பக்கத்துத் தக்காளி இலை ஒடுங்கி நார் நாராக ஆகிவிடும். அதையும் வைரஸ் என்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்.

தேமல் வைரஸ்களில் வெள்ளை ஈ பரப்புபவை பெரும்பாலும் டி.என்.ஏ. வைரஸ்கள், நேராக பி.சி.ஆர். போடலாம். பப்பாளி வளையப்புள்ளி, வெள்ளரித் தேமல் போன்றவை ஆர்.என்.ஏ. வைரஸ்கள். அவற்றுக்கு ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகத் திருப்பிய பிறகுதான் பி.சி.ஆர். எதுவானாலும் ஆரோக்கியமான செடி ஒன்று, நிச்சயமாக நோயுள்ள செடி ஒன்று, இரண்டும் அதே ஜெல்லில் (துண்டுகளை நீள வாரியாகப் பட்டைகளாகப் பிரிக்கும் கூழ்) பக்கத்தில் ஓட வேண்டும். இல்லாவிட்டால் படத்தை என்னிடம் அனுப்பாதீர்கள்.

"பி.சி.ஆர். பாசிட்டிவ், சிறு ஆர்.என்.ஏ. மட்டும் வரவில்லை"

இதுதான் அதிகம் வருகிற புகார். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

செடியைச் சந்தேகப்படுவதற்கு முன் உங்கள் கிட்டைச் சந்தேகப்படுங்கள். ஆர்.என்.ஏ. பிரிக்கிற பல வடிகுழல் (column) கிட்களில் 200 எழுத்துக்குக் குறைந்த ஆர்.என்.ஏ. நழுவிப்போய்விடும். அப்படித்தான் அவை வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. 21 எழுத்துத் துண்டைத் தேடுகிற நமக்கு அது வெறும் வடிகட்டி. நாங்கள் ஒரு பருவம் முழுக்க 'சிறு ஆர்.என்.ஏ. இல்லை' என்று எழுதி வைத்துவிட்டு, பிறகு ட்ரைசால் முறையில் அதே இலைகளைப் பார்த்தபோது பட்டை பட்டையாக வந்தது. அந்தப் பருவத்துப் பதிவேட்டை இன்னும் வைத்திருக்கிறேன், புது மாணவர்களுக்குக் காட்டத்தான். 15 சதவீத பாலிஅக்ரிலமைடு, யூரியா ஜெல்லில் ஓட்டுங்கள். சவ்வுக்கு மாற்றிய பிறகு புற ஊதாக் கதிரில் மட்டும் ஒட்டவைக்காமல் ஈ.டி.சி. ரசாயனத்தால் ஒட்டவைத்தால் சமிக்ஞை பல மடங்கு தெளிவாகும்.

சாம்பிள் கெட்டுப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆர்.என்.ஏ.வுக்குக் கரண்ட் போனால் தாங்காது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, பல நாள் மின்சாரம் இல்லை. மைனஸ் 80 ஃப்ரீசர் முழுக்கத் தண்ணீராகிவிட்டது. அதில் இருந்ததைப் பிறகு ஜெல்லில் ஓட்டினால் தெளிவான பட்டை எதுவும் இல்லை, மேலிருந்து கீழ்வரை ஒரே இழுவல். பலாவும் முந்திரியும் போனவர்கள் முன்னால் நாங்கள் எங்கள் ஆர்.என்.ஏ. போனதைச் சொல்லி அழ முடியுமா? சொல்ல வந்தது என்னவென்றால், பெரிய ரிபோசோம் ஆர்.என்.ஏ. பட்டைகள் இரண்டும் கூராகத் தெரியாத சாம்பிளில் சிறு ஆர்.என்.ஏ.வைத் தேடாதீர்கள். உடைந்த துண்டுகளே அந்த அளவில் குவிந்து உங்களை ஏமாற்றும்.

சரி, சாம்பிளும் முறையும் சரியாக இருந்தும் இல்லை என்றால்?

மரபணுவைச் செடிக்குள் ஏற்றிவிட்ட அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா இன்னும் செடிக்குள் உயிரோடு இருக்கலாம். செஃபோடாக்சிம் என்ற பாக்டீரியாக்கொல்லி போட்டாலும் திசுவின் இடுக்கில் மாதக்கணக்கில் ஒளிந்துகிடக்கும். அதிலிருக்கும் பிளாஸ்மிடை, அதாவது நம் கட்டுமானத்தைச் சுமக்கும் டி.என்.ஏ. வளையத்தைத்தான், உங்கள் பி.சி.ஆர். பிடித்திருக்கும். டி-டி.என்.ஏ.வுக்கு (பிளாஸ்மிடில் செடிக்குள் போகிற துண்டு; அதன் இரு முனைகள் வலது எல்லை, இடது எல்லை) வெளியே இருக்கிற விர்-ஜி போன்ற மரபணுவுக்கு, பி.சி.ஆர். பிடிக்க வேண்டிய இடத்தைக் காட்டும் ஒரு ப்ரைமர் ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். அது பாசிட்டிவ் வந்தால் உங்கள் செடி இன்னும் செடி மட்டும் அல்ல.

அடுத்து, நீங்கள் பி.சி.ஆர். செய்தது எந்தத் துண்டை? எளிதாக வருகிறது என்று எல்லோரும் கனமைசின் மரபணுவைத்தான் (கனமைசினைத் தாங்கவைப்பது) பெருக்குகிறார்கள். டி-டி.என்.ஏ. செடிக்குள் வலது எல்லையில் தொடங்கிப் போகிறது. வழியில் அறுந்தால் இடது எல்லைப் பக்கம்தான் காணாமல் போகும். பி.பி.ஐ.121 போன்ற பழைய பிளாஸ்மிடுகளில் கனமைசின் மரபணு வலது எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதாவது கனமைசின் முதலில் உள்ளே போய்விடும், உங்கள் ஹேர்பின் பாதி வழியில் அறுந்திருக்கலாம். செடி தட்டில் தேறும், வயலில் தோற்கும். பிகேம்பியா வகைப் பிளாஸ்மிடுகளில், தட்டில் தேறவைக்கும் அந்தத் தேர்வு மரபணு இடது எல்லைப் பக்கம். அங்கே இந்தத் தொல்லை குறைவு. எதுவானாலும் ஹேர்பினின் இரண்டு கைகளையும் தனித்தனியாகப் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

கடைசிச் சந்தேகம், பிளாஸ்மிடைப் பெருக்க வைக்கிற ஈ.கோலை பாக்டீரியாவிலேயே ஹேர்பின் சிதைந்திருப்பது. ஒரே எழுத்து வரிசை எதிரும் புதிருமாக இருப்பது பாக்டீரியாவுக்குப் பிடிக்காது, சமயம் பார்த்து ஒரு கையை வெட்டி எறிந்துவிடும். மறுசேர்க்கைக் குறைபாடுள்ள (டி.என்.ஏ.வை வெட்டி ஒட்டத் தெரியாத) ஸ்ட்ரெய்னில், அதாவது ஈ.கோலை வகையில், போட்டு, 37 டிகிரிக்குப் பதில் 30 டிகிரியில் வளர்த்தால் பிழைக்கும். இரண்டு கைகளுக்கும் நடுவே இன்ட்ரான் (ஆர்.என்.ஏ. ஆன பிறகு செடியே வெட்டி நீக்கிவிடும் துண்டு) வையுங்கள். அது நிலைத்தன்மைக்கும் உதவும், மௌனத்தின் வீரியத்துக்கும் உதவும். 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆராய்ச்சி நிறுவனக் குழு காட்டியது இதைத்தான். இன்ட்ரான் வைத்த ஹேர்பினில் கிட்டத்தட்ட எல்லாச் செடிகளிலும் மௌனம் வந்தது. வெறும் எதிர் இழையை மட்டும் வைத்தால் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. வரிசை வாசிக்க அனுப்பினால் ஹேர்பினுக்குள் போகப் போக வாசிப்பு நின்றுவிடும், கம்பெனியைத் திட்டாதீர்கள். நொதியால் வெட்டி ஒவ்வொரு கையையும் தனியாக அனுப்புங்கள். அக்ரோபாக்டீரியத்துக்கு மாற்றிய பிறகும் ஒரு முறை வெட்டிப் பாருங்கள். அந்த ஒரு முறையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

"சிறு ஆர்.என்.ஏ. கொழுக்கக் கொழுக்க இருக்கிறது, ஆனாலும் நோய் வருகிறது"

இப்போது வைரஸைப் பார்க்க வேண்டிய நேரம்.

ஆர்கோநாட் கையில் இருக்கிற துண்டு வைரஸோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ரேஷன் கடையில் கைரேகை தேய்ந்த பாட்டிக்கு மெஷின் கைவிரிப்பது மாதிரிதான், கொஞ்சம் மாறினாலும் ஆள் அதே ஆள்தான் என்று அதற்குத் தெரியாது. உளுந்தில் மஞ்சள் தேமலுக்குப் பெயர் ஒன்றுதான். ஆனால் தென்னிந்தியாவில் அதிகம் காண்கிற வைரஸ் ஓர் இனம், வட இந்தியாவில் அதிகம் காண்கிறது இன்னொன்று. தரவுத்தளத்தில் முதலில் கண்ணில் பட்ட வரிசையை எடுத்து ஹேர்பின் செய்துவிட்டு, அதைச் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் நெல் தரிசு உளுந்தில் வருகிற வைரஸோடு மோதவிட்டால் என்ன ஆகும்? உங்கள் ஊர் வைரஸை முதலில் வாசியுங்கள். ஒரு வயலில் ஒரு செடி போதாது, தை மாசி உளுந்திலும் கோடை உளுந்திலும் தனித்தனியாக எடுங்கள். பல வரிசைகளையும் அடுக்கிப் பார்த்து, எல்லாவற்றிலும் மாறாமல் இருக்கிற 300 முதல் 500 எழுத்துப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். வெண்டையில் இன்னும் சிக்கல். அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட வைரஸ் இனங்கள், கூடவே பீட்டா சாட்டிலைட் என்ற ஒட்டுத்துணை ஒன்று. அந்தத் துணையின் புரதமே செடியின் மௌனத்தைக் கெடுக்கக்கூடியது. வைரஸை மட்டும் குறிவைத்து அதை விட்டுவிட்டால் பாதி வேலைதான்.

இந்தப் பொருத்தம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஹவாய் பப்பாளியைவிட நல்ல உதாரணம் இல்லை. டென்னிஸ் கொன்சால்வஸ் குழு உருவாக்கி 1998இல் விவசாயிகளுக்குப் போன ரெயின்போ, சன்அப் ரகங்கள் அந்தத் தீவின் பப்பாளித் தொழிலையே காப்பாற்றின. சன்அப்பில் வைரஸ் உறைப் புரத மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ரெயின்போ அதன் கலப்பினம், ஒரே பிரதி. ஹவாய் வைரஸை இரண்டும் தாங்கின. வெளிநாட்டு வைரஸ் வகைகளை விட்டபோது ரெயின்போ பலவற்றிடம் தோற்றது, சன்அப் அதைவிட அதிக வகைகளைத் தாங்கியது. செடி இளசாக இருக்கும்போது ரெயின்போ இன்னும் பலவீனம். ஆக வரிசைப் பொருத்தம், பிரதி எண்ணிக்கை, செடியின் வயது, மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் செடி முதல் தலைமுறை ஒற்றைப் பிரதி என்றால், அடுத்த தலைமுறையில் இரட்டைப் பிரதிக்காரர்களைப் பிரித்துச் சோதித்துவிட்டுப் பிறகு தீர்ப்பு எழுதுங்கள்.

இன்னொரு கோணமும் உண்டு. வெள்ளை ஈ பரப்பும் உளுந்து, வெண்டைத் தேமல் வைரஸ்கள் டி.என்.ஏ. வைரஸ்கள். ஆர்கோநாட் வெட்டுவது அவற்றின் தூது ஆர்.என்.ஏ.வை மட்டும். மூல டி.என்.ஏ. செல்லின் கருவுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். அதை அடக்க 24 எழுத்துத் துண்டுகள் வழியாக அதன் மேல் மெத்தில் என்ற ரசாயன முத்திரை விழ வேண்டும். 2003இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கே. வேலுத்தம்பியும் சுவிட்சர்லாந்தின் தோமஸ் ஹோனும் சேர்ந்த குழு செய்தது இங்கே உதவும். உளுந்துத் தேமல் வைரஸின் புரதம் எதையும் குறிவைக்காமல், மரபணுவை இயக்கும் சுவிட்சான அதன் ப்ரொமோட்டர் பகுதிக்கு எதிரான ஹேர்பினைத் துகள் துப்பாக்கியால் நோயுற்ற உளுந்துச் செடிகளுக்குள் செலுத்தினார்கள். செடிகள் தேறின. நம் மண்ணின் உளுந்தில், நம் ஊர் வைரஸில் நடந்த வேலை. ஆனாலும் நம் மாணவர்கள் புகையிலையை மட்டுமே மேற்கோள் காட்டுவது ஏனென்று எனக்குப் புரிந்ததில்லை.

கடைசியாக, இன்னொரு வைரஸ் வந்து காரியத்தைக் கெடுப்பது. செடியின் மௌனத்தை முறியடிக்க வைரஸ்களுக்கும் ஆயுதம் உண்டு. பப்பாளி வளையப்புள்ளி குடும்பத்துக்கு எச்.சி.ப்ரோ, வெள்ளரித் தேமலுக்கு 2பி, தக்காளிப் புதர்க்குட்டைக்கு பி19. பி19 சிறு ஆர்.என்.ஏ.வையே கைப்பிடியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் ஒரு வைரஸுக்கு எதிராகக் கட்டிய வேலியை, பக்கத்தில் வந்த வேறொரு வைரஸ் பிரித்துப்போட்டுவிடும். ஜெல்லில் சிறு ஆர்.என்.ஏ. கொழுத்துத் தெரிவதும் அதனால்தான் சில சமயம்: அவை பிடித்து வைக்கப்பட்டவை, வேலை செய்பவை அல்ல. இந்த இடத்தில் செடியைக் குறை சொல்லாதீர்கள். அந்தச் செடியில் வேறு என்ன வைரஸ் இருக்கிறது என்று தேடுங்கள். காய்கறித் தோட்டத்தில் ஒரே ஒரு வைரஸ் மட்டும் உள்ள செடி கிடைப்பதே கஷ்டம்.

"முதல் நாலு இலையில் நோய், அதற்கு மேல் சுத்தம்"

பிடுங்கிப்போடாதீர்கள். தயவுசெய்து.

இது தோல்வி இல்லை, மீட்சி. 1928லேயே விங்கார்ட் என்ற அமெரிக்கர் புகையிலை வளையப்புள்ளியில் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்: அடி இலைகள் நோயோடு, மேல் இலைகள் நோயின்றி, மறுபடி அதே வைரஸைத் தடவினாலும் ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. 1990களின் தொடக்கத்தில் லிண்ட்போ, டௌகெர்ட்டி ஆகியோர் மரபணு மாற்றிய புகையிலையில் இதையே கண்டு, ஆர்.என்.ஏ. மட்டத்தில் நடப்பது இது என்று சொன்னார்கள். உங்கள் செடியின் புது இலையில் வைரஸ் அளவைப் பாருங்கள், சிறு ஆர்.என்.ஏ. அளவையும் பாருங்கள். முதலாவது இறங்கி இரண்டாவது ஏறியிருந்தால் அந்தச் செடியின் விதையைத் தனியாக எடுத்து வையுங்கள். மதிப்பெண் அட்டையில் 'நோய்ப்பட்டது' என்று ஒரே கட்டம் மட்டும் வைத்திருந்தால் இந்தச் செடி வரிசை (ஒரே தாய்ச் செடியின் வாரிசுகள்) முழுக்கக் குப்பைக்குப் போய்விடும். நோய் பார்த்த தேதி, எந்த இலை, இரண்டும் எழுதுங்கள்.

"அறையில் நின்றது, வலைக்கூண்டில் விழுந்தது" (சில சமயம் தலைகீழாகவும்)

தலைகீழ்க் கதையை முதலில் சொல்கிறேன். மே மாதம், புதுச்சேரி வெயிலுக்குப் பயந்து வளர்ப்பறையில் ஏ.சி.யை யாரோ 17இல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அறைச் செடியெல்லாம் நோயில் துவண்டது. அதே வரிசைச் செடிகள் வெளியே வலைக்கூண்டில் வெயிலில் நன்றாக நின்றன. மரபணுவே போய்விட்டது என்று மாணவி கண் கலங்கினார். போகவில்லை. குளிரில் மௌனம் மந்தமாகும். 2003இல் வெளியான ஓர் ஆய்வு புகையிலைக் குடும்பச் செடியில் 15 டிகிரியில் சிறு ஆர்.என்.ஏ. உற்பத்தியே அடங்கிப்போவதையும், வெப்பம் ஏற ஏற அது கூடுவதையும் காட்டியது. அறையை 25, 26 டிகிரிக்குக் கொண்டுவந்தபோது அடுத்த தொகுதிச் செடிகள் சரியாக நின்றன. கடலோரத்தில் வேலை செய்கிற நமக்கு இயற்கையே இந்த விஷயத்தில் கைகொடுக்கிறது. ஏ.சி. ரிமோட்டை மட்டும் பூட்டி வையுங்கள்.

நேர்க் கதையில் குற்றவாளி பெரும்பாலும் வெள்ளை ஈயின் எண்ணிக்கை. ஒரு செடிக்கு நாலு ஈ விட்டுச் சோதித்த செடி, பங்குனி வெயிலில் இலைக்கடியில் மேகமாக எழும்பும் ஈக்கூட்டத்தைச் சந்திக்கும்போது நிலைமை வேறு. பிரேசிலில் பொன் தேமலுக்கு எதிரான பீன்ஸை உருவாக்கியவர்கள் இந்த விஷயத்தில் கறாராக இருந்தார்கள். ஹேர்பின் வைத்த 18 வரிசைகளை உருவாக்கி, ஒரு செடிக்கு வாழ்நாள் முழுக்க 300க்கும் மேற்பட்ட வைரஸ் சுமந்த வெள்ளை ஈக்களை, அதுவும் குருத்துப் பருவத்திலேயே விட்டார்கள். உயர்ந்த எதிர்ப்புக் காட்டியது ஒரே ஒரு வரிசை. அதில் சுமார் 93 சதவீதச் செடிகள் அறிகுறியின்றி நின்றன. அந்த 5.1 வரிசைதான் 2011இல் அங்கே அனுமதி பெற்றது. 18இல் ஒன்று! மூன்று வரிசை வைத்துக்கொண்டு 'மரபணு மௌனம் வேலை செய்யவில்லை' என்று ஆய்வேடு எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மேஜை மேல் ஒட்டிவையுங்கள்.

அக்ரோபாக்டீரியம் மூலம் வைரஸை ஊசியில் ஏற்றிச் சோதிப்பதும் ஈ மூலம் சோதிப்பதும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊசியில் போகிற அளவு இயற்கையில் ஒருநாளும் கிடைக்காது. அதில் தோற்ற செடி ஈயிடம் ஜெயிக்கலாம். இரண்டையும் செய்யுங்கள்.

"அம்மா செடி நன்றாக இருந்தது, பேத்தியில் காணோம்"

மரபணு இருக்கும், ஆனால் அதன் ப்ரொமோட்டர் மெத்தில் முத்திரை விழுந்து வாயடைத்திருக்கும். மௌனமாக்க வந்தவனையே செடி மௌனமாக்கிவிட்டது. பல பிரதிகள் ஒரே இடத்தில் ஒட்டி நுழைந்த வரிசைகளில் இது அதிகம். ஒரே 35எஸ் ப்ரொமோட்டரை ஒரு பிளாஸ்மிடில் இரண்டு மூன்று முறை போட்டாலும் வரும். மெத்தில் இருந்தாலும் வெட்டும் நொதியையும் மெத்தில் இருந்தால் வெட்டாத நொதியையும் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பிரதிகளை எண்ணிக் காட்டும் சதர்ன் சோதனையில் ஒற்றைப் பிரதி வரிசைகளை ஆரம்பத்திலேயே பிரித்து வைத்தவருக்கு இந்தத் தலைப்பு தேவைப்படாது.

"வைரஸே இல்லை, ஆனாலும் செடி கோணல்"

இலை ஒடுங்குகிறது, பூ மலடாகிறது, செடி குட்டையாகிறது. முதலில் வெற்றுப் பிளாஸ்மிடு ஏற்றிய செடியோடு ஒப்பிடுங்கள். அதுவும் கோணலாக இருந்தால் பழி திசு வளர்ப்பின் மேல். கால்லஸ் என்ற உருவமற்ற திசுக் கட்டியிலிருந்து மீண்டெழுகிற செடி எப்போதும் பழைய செடி அல்ல. ஆப்பிரிக்காவில் மரவள்ளியில் இது பெரிய பாடமாகவே ஆனது. இயற்கையாகத் தேமல் எதிர்ப்பு இருந்த ரகங்களைக் கரு வளர்ப்பு வழியாக எடுத்தபோது அந்த எதிர்ப்பே தொலைந்துபோனது. ஒரு நோய்க்கு மருந்து ஏற்றப்போய் இன்னொரு நோய்க்குக் கதவு திறந்த கதை.

வெற்றுச் செடி நேராக இருந்து உங்கள் செடி மட்டும் கோணல் என்றால், உங்கள் வைரஸ் துண்டிலிருந்து வருகிற 21 எழுத்துகளில் ஏதாவது செடியின் சொந்த மரபணுவோடு பொருந்துகிறதா என்று கணினியில் தேடுங்கள். இதை முதல் நாளே, வடிவமைக்கும்போதே செய்திருக்க வேண்டும். அப்புறம், ஏசி2, ஏசி4, எச்.சி.ப்ரோ போன்ற, செடியின் மௌனத்தை முறியடிக்கும் அடக்கி மரபணுவை முழுசாக எடுத்திருந்தால் அந்தப் புரதம் உருவாகியும் செடியின் வளர்ச்சியைக் கெடுக்கலாம். துண்டை நடுவிலிருந்து எடுங்கள், தொடக்கக் குறியீட்டை விட்டுவிடுங்கள்.

"தெளித்தோம், ஒன்றும் ஆகவில்லை"

மரபணுவை மாற்றாமல் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை இலை மேல் தெளிக்கும் வழி இப்போது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. அனுமதிப் பிரச்சினை குறைவு என்ற ஆசை. எனக்கு இதில் பாதி நம்பிக்கைதான், காரணம் கீழே.

தெளித்தது உண்மையில் இரட்டை இழையா என்று பாருங்கள். ஆர்.என்.ஏ.ஸ்-ஏ நொதி உப்பு அதிகம் உள்ள கரைசலில் இரட்டை இழையைத் தொடாது, உப்புக் குறைந்தால் அரித்துவிடும். இரண்டு குழாய் வைத்து ஓட்டினால் பத்து நிமிடத்தில் உண்மை தெரியும். எச்.டி.115 ஈ.கோலையில் தயாரித்தால் அதில் இரட்டை இழையை வெட்டும் ஆர்.என்.ஏ.ஸ்-3 இல்லை என்பதால்தான் அந்த ஸ்ட்ரெய்ன். சாதாரண ஈ.கோலையில் தயாரித்துவிட்டுத் 'தெளித்தோம்' என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் தெளித்தது சோறு வடித்த கஞ்சிக்குச் சமம்.

சரக்கு சரியென்றால், அடுத்து எவ்வளவு நாள் தாங்கியது என்று பாருங்கள். வெறும் ஆர்.என்.ஏ. இலை மேல் சில நாள்தான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் நீனா மிட்டர் குழு 2017இல் அதைக் களிமண் நுண்தகடுகளில் ஏற்றித் தெளித்து, 20 நாள்வரை பாதுகாப்புக் காட்டியது. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இங்கே கொட்டுகிற கொட்டில் ஒட்டும் திரவம் இல்லாமல் தெளித்தால் அது கெடிலம் ஆற்றில் கலந்து கடலுக்குப் போய்விடும். மாலையில், மழை இல்லாத நாளில், இலையின் அடிப்பக்கமும் நனைகிற மாதிரித் தெளியுங்கள்.

என் பாதி அவநம்பிக்கைக்குக் காரணம் வேறு. தெளிப்பில் ஜெயித்த கதைகளில் பல, இலை மேல் தேய்த்தோ அசுவினியாலோ நுழைகிற ஆர்.என்.ஏ. வைரஸ்களைப் பற்றியவை. வெள்ளை ஈ ஊசி போலக் குத்தி நேராகச் செடியின் உணவு கடத்தும் குழாயில் இறக்குகிற தேமல் வைரஸை, இலைத் தோலில் கிடக்கிற ஆர்.என்.ஏ. எப்படி மறிக்கும்? உளுந்திலும் வெண்டையிலும் தெளிப்பை முயல்பவர்கள், குழாய்த் திசுவுக்குள் ஆர்.என்.ஏ. போய்ச் சேர்ந்ததா என்பதை முதலில் காட்டிவிட்டுப் பிறகு நோய்க் கணக்குக்கு வரட்டும்.

"சார், விதை கொஞ்சம் கொடுக்கலாமா?"

இது மாணவரின் கேள்வி இல்லை. பாலூர் பக்கத்து உறவுக்காரர் ஒருவர் கேட்டது. வலைக்கூண்டில் தேமல் இல்லாத உளுந்தைப் பார்த்துவிட்டார். "ஒரு படி போதும் மாமா, வரப்போரமா போட்டுப் பாக்கறேன்" என்றார்.

ஒரு விதைகூட வெளியே போகக் கூடாது. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகள் இதற்குப் பொருந்தும். நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவில் தொடங்கி மத்தியக் குழுக்கள் வரை படிப்படியாக ஏறாமல் மரபணு மாற்றிய செடி மண்ணைத் தொடக் கூடாது. இந்தியாவில் விவசாயி வாங்கி விதைக்கும் அனுமதியோடு இருக்கிற மரபணு மாற்றுப் பயிர் 2002இல் வந்த பி.டி. பருத்திதான், வைரஸ் எதிர்ப்புப் பயிர் எதுவும் இல்லை. கூண்டில் உதிர்ந்த விதையைக் கூட்டி எண்ணுங்கள், பானை மண்ணை ஆட்டோகிளேவில் வேகவைத்த பிறகு கொட்டுங்கள், கூண்டுக் கதவுக்குச் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

உறவுக்காரருக்குத் தேமல் தாங்கும் வம்பன் 8 உளுந்து விதை வாங்கிக்கொடுத்தேன். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டச் சொன்னேன், தேமல் கண்ட செடியை முதல் மாதத்திலேயே பிடுங்கிப் புதைக்கச் சொன்னேன். பொறியைக் கட்டினார். பிடுங்கத்தான் மனசு வரவில்லையாம்.